மேட்டுத்தெருவில் விதி எண் நாற்பத்தொன்று

விதி எண் நாற்பத்தொன்று வந்துசேர்ந்த செவ்வாய்க்கிழமை காலையில், தொட்டியம் மேட்டுத்தெருவில் குடியிருந்த மங்கையர்க்கரசி குக்கரை அடுப்பிலிருந்து இறக்கப் போனாள்; அவளுடைய கை கைப்பிடிக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தது. சுடவில்லை, வலிக்கவில்லை. இரண்டாம் தரமும் அப்படியே, இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தபோதும் அப்படியே. அதற்குள் நாலாவது விசில் வந்து பருப்பு குழைய ஆரம்பித்துவிட்டதால், ஆச்சரியப்படுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஷம்ஷாத் பேகத்தை மதில் ஓரமாக நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தக் குக்கரைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டுப் போங்களேன். எனக்குக் கையில புடிபட மாட்டேங்குது."

"நானே உன்னக் கூப்பிடணும்னு இருந்தேன் அரசி. வாஷிங் மெஷின் மூடியத் திறக்க முடியல. கை நேரா உள்ள போயிடுது."

ஷம்ஷாத் வந்து குக்கரை இறக்கினாள். அரசி போய் மெஷினைத் திறந்தாள். பிறகு இருவரும் போனைப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒரே மெயில் வந்திருந்தது.

அந்தத் தெருவில் அப்படி மெயில் வரக் காரணம் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கம்ப்யூட்டர் சென்டர்காரர் 'வீட்டிலிருந்தே வலைத்தளம், வீட்டிலிருந்தே வருமானம்' என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்ட, நாற்பத்து மூன்று பேர் பணம் கட்டிப் படித்து, நாற்பத்து மூன்று வலைத்தளம் தொடங்கி, முப்பத்தாறு பேர் மூன்றே மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிட, மிச்சம் ஏழு பேர் விடாப்பிடியாக நின்றார்கள். அந்த ஏழு பேரும் எப்படியோ மேட்டுத்தெருவிலேயே வந்து அமைந்தார்கள். அரசியினுடையது சமையல்: இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு குறிப்புகள். ஷம்ஷாத் பேகத்தினுடையது எல்லா மதத்துக் குழந்தைகளுக்கும் பெயர். முன்னாள் கண்டக்டர் கோதண்டபாணியினுடையது பஸ் நேரம். அமிர்தகடேசனுடையது ராசிபலன். ஏழு தளத்துக்கும் விளம்பரம் கொடுத்து மாதாமாதம் படியளந்தது ஒரே கம்பெனிதான். அந்தக் கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது, அதற்கு வாசல் எந்தத் திசையில் என்று யாருக்கும் தெரியாது. கைகட்டி நின்று கேட்பதற்கு ஓர் அதிகாரி கிடையாது, வாட்ச்மேன்கூடக் கிடையாது. 'அன்புள்ள பதிப்பாளரே' என்று தொடங்கும் மெயில் மட்டும் வரும், அதில் ஒரு விதி இருக்கும்.

விதிகளுக்கு அவர்கள் வளைந்து கொடுத்தே பழகியவர்கள். பதினேழாம் விதி வன்முறை கூடாது என்றபோது, வெட்டு, கீறு, உரி, நசுக்கு என்ற வார்த்தைகளை எல்லாம் அரசி இரண்டாயிரத்துச் சொச்சம் குறிப்புகளிலிருந்தும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, 'வெங்காயத்தைச் சிறியதாக ஆக்கிக்கொள்ளவும்', 'தேங்காய் இரண்டாக ஆனதும்' என்று எழுதினாள். இருபத்து மூன்றாம் விதி ஆபாசம் கூடாது என்றபோது, கோழி நெஞ்சுக்கறி 'கோழியின் முன்பகுதி' ஆயிற்று. வாசகரை அச்சுறுத்தக் கூடாது என்று வந்த முப்பதாம் விதிக்காக, அஷ்டமச் சனி என்று எழுதிக்கொண்டிருந்த அமிர்தகடேசன், 'சனி பகவான் சற்றே அருகில் இருக்கிறார்' என்று மாற்றிக்கொண்டார். ஆனால் அவர்கள் செய்த ஒரு தப்பு, தொட்டியத்துக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாத தப்பு, கம்பெனியின் பொறுமையைக் கெடுத்துவிட்டது.

விசேஷ வீட்டுக்கு அந்த ஊரில் வெறுங்கையோடு யாரும் போவதில்லை. கோதண்டபாணி பேத்திக்குக் காதுகுத்து வந்தபோது, மொய்க் கவரோடு சேர்த்து, ஆளுக்குப் பத்து கிளிக்கும் அவருடைய விளம்பரங்களில் செய்தார்கள். அது ஒரு மரியாதை. அடுத்து அமிர்தகடேசன் வீட்டுப் புதுமனை புகுவிழா வந்தது, வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கோதண்டபாணி பதினொன்றாகச் செய்தார். கம்பெனிக்கு மொய் தெரியாது. ஒரே தெருவிலிருந்து, ஒரே முகூர்த்த நேரத்தில், வரிசையாக வந்து விழுந்த கிளிக்குகளை அது களவாணித்தனம் என்று எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, நாற்பத்தொன்றாம் விதியை அனுப்பியது: 'பதிப்பாளர் தமது தளத்தில் தோன்றும் விளம்பரப் பொருளுடன் இனி எவ்விதத் தொடர்பும் கொள்ள இயலாது.'

அரசியின் தளத்தில் அன்று குக்கர் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஷம்ஷாத்தின் தளத்தில் வாஷிங் மெஷின். கோதண்டபாணி தன் மோட்டார் சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டவர், அதற்குள்ளேயே இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டில் மெத்தை விளம்பரம் ஓடிய அமிர்தகடேசன், மத்தியானத் தூக்கத்துக்குப் படுத்து, மெத்தையையும் கட்டிலையும் தாண்டித் தரைக்கு வந்து, அங்கேயே நன்றாகத் தூங்கிவிட்டதாகச் சொன்னார்.

முதல் வாரம் கொஞ்சம் தடுமாறினார்கள். டாக்டரிடம் போனார்கள், அவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். திங்கட்கிழமை மனுநீதி நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். 'பொருள் வேறு துறையைச் சார்ந்தது' என்று முத்திரை குத்தி மனு திரும்பி வந்தது, எந்தத் துறை என்று அதில் இல்லை. பிறகு அவர்களே ஒரு வழி கண்டார்கள். காலை ஏழு மணிக்கு ஏழு வீட்டு வாசலிலிருந்தும் இன்றைக்கு என்ன விளம்பரம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். "எனக்கு மிக்ஸி", "எனக்குச் செருப்பு", "எனக்குப் பல்பொடி" என்று குரல்கள் எழும்ப, மிக்ஸி வந்தவர் வீட்டுக்குப் பல்பொடி வந்தவர் போய்ச் சட்னி அரைத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு வந்தார். டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டுவதற்கு முன்னால், "அண்ணே, இன்னைக்கு டீத்தூள் இல்லையே?" என்று கேட்கப் பழகினார், ஏனென்றால் ஒருமுறை கோதண்டபாணி குடித்த டீ அப்படியே அவர் வழியாக பெஞ்சில் வந்து நின்றுவிட்டது. ரேஷன் கடையில் தனி வரிசை போட்டார்கள். ஒரு மாதத்தில் ஊருக்கு இது மின்வெட்டு மாதிரி ஆகிவிட்டது, காலையில் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டிய இன்னொரு விஷயம்.

விளம்பரம் எப்படி வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் அரசி. கடைத்தெருவில் ஒரு மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையை அவள் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் தளம் முழுக்கப் பட்டுப் புடவை, பீரோவில் இருந்த கல்யாணப் புடவை கையில் நிற்கவில்லை. நாம் எதை விரும்புகிறோமோ அதைத்தான் கம்பெனி நமக்குக் காட்டுகிறது, காட்டியதும் அது நம் கைக்கு எட்டாமல் போகிறது என்று அவள் சங்கக் கூட்டத்தில் சொன்னாள். வலைத்தள உரிமையாளர் நலச் சங்கத்தின் தலைவர் கோதண்டபாணி நெடுநேரம் யோசித்தார்.

"அப்படீன்னா நம்மகிட்ட இல்லாத சாமானா ஆசப்படுவோம். டிராக்டர்! நம்ம ஏழு பேர்ல யாருக்கும் ஒரு சென்ட் வயலு கெடையாது."

அன்றிலிருந்து மேட்டுத்தெரு டிராக்டருக்கு ஆசைப்பட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லோரும் அரை மணி நேரம் போனில் டிராக்டர் தேடினார்கள். கம்பெனி காதை வைத்துக் கேட்கிறது என்று யாரோ சொன்னதால், வாசலில் நின்று சத்தமாகவும் பேசினார்கள். "எனக்கு டிராக்டர் இல்லாம ஒரு நாள் ஓடாது" என்று ஷம்ஷாத் சொல்ல, "அக்கா, நாப்பத்தஞ்சு குதிரைத்திறன் பாருங்க, அதுதான் லட்சணம்" என்று அரசி பதில் சொன்னாள். உண்மையில் எது வேண்டுமோ அதைப் பற்றி வாயைத் திறக்காமல், அதன் பக்கம் திரும்பாமல், மனசைப் பொத்தி வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஏழு தளத்திலும் டிராக்டர் நிறைந்தது. குக்கர் கையில் நின்றது, மெத்தை முதுகைத் தாங்கியது, வருமானமும் குறையவில்லை. தெருவில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி வந்துவிட்டது, அரசியின் புருஷன் நீலமேகம் அப்பா ஆகும் வரைக்கும்.

நீலமேகம் திருச்சியில் ஒரு நகைக்கடையின் வெள்ளிப் பிரிவில் பதினாறு வருஷமாக விற்பனையாளர். காலை ஏழு மணி பஸ்ஸில் போய், இரவு எட்டு மணி பஸ்ஸில் வந்து, கை கால் கழுவியதும் அரசியின் பக்கத்தில் உட்கார்ந்து, நாள் முழுக்கத் தட்டச்சு செய்து வீங்கிய அவளுடைய பத்து விரல்களுக்கும் ஒவ்வொன்றாகச் சொடக்கு எடுத்துவிடுவார். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவர்களுக்கு இடையே நடந்த கொஞ்சல், பேச்சுவார்த்தை, சண்டைக்குப் பிந்திய சமாதானம் எல்லாம் அந்தப் பத்து விரலுக்குள் முடிந்துவிடும். சுண்டு விரலில் எடுக்கும்போது மட்டும் அவள் "ஸ்..." என்பாள், அவர் சிரிப்பார். அவருக்கு அடர்த்தியான சுருள் முடியும், காதோரம் நரையும், கம்பீரமான மீசையும் இருந்தன. அதைப் பார்த்துத்தான் கல்யாண நகை விளம்பரத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த முதலாளி அவரையே பிடித்து நிறுத்தினார். மாப்பிள்ளை வேஷம் என்று நினைத்துப் போனவருக்குக் கிடைத்தது பெண்ணைப் பெற்ற அப்பா வேஷம். மகளாக நின்ற ஒரு பெண்ணின் கழுத்தில் ஆரத்தைப் போட்டுவிட்டு, கண்ணில் நீர் நிறைய அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே தடவையில் எடுத்துவிட்டார்கள், அபாரமான நடிப்பு என்று கை தட்டினார்கள். நீலமேகத்துக்கும் அரசிக்கும் பிள்ளை இல்லை. அந்தக் கண்ணீர் நடிப்பில்லை என்பது அரசிக்குப் படத்தைப் பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது, எட்டித் துடைத்துவிட வேண்டும் போல அவளுக்கு இருந்தது.

மறுநாள் காலை ஆறு தளத்தில் டிராக்டர் ஓடியது. அரசியின் தளத்தில் மட்டும், இட்லிப் பொடிக்கு மேலே, கண் நிறைய நீரோடு நீலமேகம் நின்றார்.

அன்று இரவு அவர் சொடக்கு எடுக்க உட்கார்ந்தபோது அவளுடைய விரல்கள் அவர் உள்ளங்கை வழியாகப் போய்ப் பாயைத் தொட்டன. பிறகு அவர் அவளுடைய போனை வாங்கிப் பார்த்தார், பக்கத்து வீட்டுத் தளத்தையும் பார்த்தார்.

"ஏம்மா, நீ தினமும் டிராக்டர்தானே தேடற?"

"ஆமாங்க."

"எல்லாருக்கும் டிராக்டர் வருது. ஒனக்கு மட்டும் நான் ஏன் வரேன்?"

அரசி எழுந்து போய்த் தயிருக்கு உறை ஊற்றினாள். பதினாலு வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை, திசை தெரியாத ஊரில் இருக்கும் ஒரு கம்பெனி இப்படிப் படம் போட்டுச் சொல்லும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

சங்கம் அவசரமாகக் கூடியது. கோதண்டபாணி விஷயத்தை நாசூக்காகச் சொல்ல முயன்று, முடியாமல் நேராகவே சொன்னார்.

"தங்கச்சி, ஒரு பத்து நாளைக்கு அவரு மேல இருக்கற ஆசைய நிறுத்திப் பாரேன்."

"எப்படிண்ணே நிறுத்தறது?"

"அதென்ன பெரிய காரியம்? எங்க வீட்ல இருபது வருஷமா நிறுத்தி வச்சிருக்கா" என்றார் அவர், எல்லோரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அரசி முயன்று பார்த்தாள். காலையில் எழுந்ததும் அவர் மேல் உள்ள குறைகளை எல்லாம் வரிசையாக நினைத்துக்கொண்டாள்: குறட்டை, ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவது, முதல் வருஷம் வாங்கித் தருவதாகச் சொன்ன முத்து வளையல், அவருடைய அம்மா ஒரு பொங்கலன்று எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தையும், அதற்கு அவர் வாயே திறக்காமல் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததும். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. கோபம் வர வர, அந்தப் பொங்கலன்று இரவு அவர் சொடக்கு எடுத்துக்கொண்டே "தப்புதான்" என்று சொன்னதும் கூடவே வந்தது. மத்தியானம் தளத்தைத் திறந்தபோது விளம்பரம் இரண்டு மடங்கு பெரிதாகியிருந்தது.

வீடு விசித்திரமாக ஆயிற்று. ஒரே வீட்டில் இருந்தார்கள், பேசினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். தட்டு கை மாறும். கை கையில் படாது. கூடத்தில் எதிரெதிரே வந்தால் விலக வேண்டிய தேவை இல்லாமல் ஒருவர் வழியாக ஒருவர் போய்விட முடிந்தது, அப்படி ஒருமுறை போய்விட்டு இருவரும் அப்புறம் ரொம்ப கவனமாக ஒதுங்கி நடந்தார்கள். அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று நெற்றியில் பற்றுப் போட ஷம்ஷாத்தின் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவளுடைய விரல்கள் வீங்கி, ஒரு குறிப்பு எழுத அரை நாள் ஆயிற்று. ஊர் வழக்கம்போல இதையும் பழகிக்கொண்டது, டீக்கடைக்காரர் நீலமேகத்திடம், "என்னண்ணே, இன்னும் நீங்கதான் ஓடிக்கிட்டிருக்கீங்களா?" என்று கேட்பதோடு சரி.

ஒரு வியாழக்கிழமை அரசி துணிந்துவிட்டாள். தன் விளம்பரத்தைத் தானே கிளிக் செய்தால் கம்பெனி கணக்கை மூடிவிடும். அந்தத் தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த பாவம் அது. மூடினால் பதினோரு வருஷ உழைப்பு போய்விடும், வீட்டு வாடகையும் அரிசியும் அந்த உழைப்பில்தான் வருகின்றன, வெள்ளிப் பிரிவுச் சம்பளம் பஸ்ஸுக்கும் மளிகைப் பாக்கிக்கும் சரியாகப் போய்விடும். இதெல்லாம் தெரிந்தேதான் அவள் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, போன் கண்ணாடிக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்த நீலமேகத்தின் கன்னத்தில் விரலை வைத்து அழுத்தினாள். ஒரு முறை போதும். அவள் பன்னிரண்டு முறை அழுத்தினாள், ஏனென்றால் வேறு எங்கேயும் அந்தக் கன்னத்தைத் தொட அவளுக்கு வழியில்லை.

மறுநாள் மெயில் வந்தது. 'அன்புள்ள பதிப்பாளரே, பதிவான பன்னிரண்டு கிளிக்குகளையும் ஆராய்ந்தோம். அவை பொருளின் மீது உண்மையான விருப்பத்துடன் செய்யப்பட்டவை என உறுதியாகிறது. எனவே அவை செல்லும். இவ்விளம்பரம் இனி உங்கள் தளத்தின் எல்லாப் பக்கங்களிலும் காட்டப்படும்.'

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பக்கங்களிலும் நீலமேகம் நின்றார். ரசத்துக்குப் பக்கத்தில் நின்றார், வாழைப்பூ வடைக்குப் பக்கத்தில் நின்றார், 'தேங்காய் இரண்டாக ஆனதும்' என்ற வரிக்குக் கீழே நின்று கண் கலங்கினார்.

அன்று இரவு அவர் அந்த மெயிலை மூன்று முறை படித்தார். உண்மையான விருப்பம் என்ற இடத்தில் வந்து வந்து நின்றார்.

"நான் தளத்தையே அழிச்சிடப் போறேங்க" என்றாள் அரசி. "நாளைக்குக் காலைல. முடிவு பண்ணிட்டேன்."

"நாளைக்கு வேணாம். நாளன்னிக்கு அழி."

"ஏன்?"

"சொல்றேன்ல. ஒரு நாள் பொறு."

அவர் மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போய்விட்டார். அரசி பகல் முழுவதும் குறிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து கடைசியாக ஒரு தரம் படித்துக்கொண்டிருந்தாள். நாலு மணி வாக்கில், என்றைக்கும் இல்லாத நேரத்தில், வாசல் கதவு திறந்தது. வந்து நின்ற ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சுருள் முடி இல்லை, மீசை இல்லை, காதோர நரை இல்லை. சமயபுரத்தில் மொட்டை அடித்து, தலை முழுக்கச் சந்தனம் அப்பிக்கொண்டு, பெரிய காதுகளோடு யாரோ ஒருவர் நின்று அசட்டுத்தனமாகச் சிரித்தார்.

"யாருங்க?" என்றே கேட்டுவிட்டாள்.

"கம்பெனியும் அப்படித்தான் கேக்கும்" என்றார் நீலமேகம்.

"ஐயோ, என்னங்க இது! ஒரு வருஷத்துக்கு முடிய மாத்தக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்களே! மொதலாளி என்ன சொன்னாரு?"

"கத்துனாரு. அப்புறம், வேண்டுதல், ஆத்தா கூப்பிட்டுட்டான்னு சொன்னேன். எந்த வாய்தான் அதுக்கு மேல பேசும்? கன்னத்துல போட்டுக்கிட்டாரு. நாளைலேருந்து கீழ கிட்டங்கியில பெட்டி அடுக்கச் சொல்லிட்டாரு, சம்பளமும் கொஞ்சம் குறையும்."

"என்ன வேண்டுதல்னு கேக்கலியா?"

"கேட்டாரு. நான் சொல்லல."

அவர் தலையைக் குனிந்தார். அரசி கிட்டே போய், கையைத் தூக்கி, பாதியில் நிறுத்தி, பயந்து பயந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அந்தத் தலையின் மேல் வைத்தாள். கை நின்றது. வெயிலில் நடந்துவந்த தலை சூடாக இருந்தது, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. அவள் கையை எடுத்துப் பார்த்தபோது உள்ளங்கை முழுவதும் சந்தனம் ஒட்டியிருந்தது. பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக, வாசல் கதவு திறந்திருக்கிறது, எதிர் வீட்டில் கோதண்டபாணி பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதையும் மறந்து, அவரைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். ஊரில் எல்லோரும் அதைச் சமயபுரத்தாளின் மகிமை என்றார்கள். அமிர்தகடேசன் அதற்கு மறுநாள் ராசிபலனில் ஒரு வரி ஒதுக்கினார்.

கம்பெனி சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பக்கத்திலிருந்தும் பெண்ணைப் பெற்ற அப்பா இறங்கிப் போயிருந்தார். அந்த இடத்தில் எல்லாம் முடி வளர்க்கும் தைலம், சுருள் முடிக்கு எண்ணெய், வழுக்கைக்கு வைத்தியம், விதவிதமாக முடி. அரசி எதை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அது மோப்பம் பிடித்துவிட்டது, ஆனால் கொஞ்சம் தப்பாகப் பிடித்துவிட்டது. அந்த விளம்பரங்களுக்கு வருமானமும் அதிகம், கிட்டங்கியில் குறைந்த சம்பளத்துக்கு ஈடாகிவிட்டது. தளத்தை அழிக்கும் பேச்சை அவள் அப்புறம் எடுக்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து நீலமேகத்தின் தலையில் கருகருவென்று முடி முளைக்க ஆரம்பித்தது. பழைய சுருள் முடியெல்லாம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அவர் மறுபடி கம்பீரமாகத் தெரிந்தார். அரசியின் கைக்கு மட்டும் அந்த முடி அகப்படவில்லை. விதிப்படி அவள் விரல்கள் முடியை ஊடுருவிக்கொண்டு, நடுவில் எதுவும் இல்லாமல், நேராக அவருடைய தலையின் வெதுவெதுப்பான தோலைப் போய்த் தொட்டன. அவள் அதைப் பற்றிச் சங்கத்தில் புகார் எதுவும் கொடுக்கவில்லை.